வெர்னாவின் தபால் தள்ளுபடிகள்

கார் உறுமிக்கொண்டே நிற்கும், நகராது. கடை வாசலில், அப்போதுதான் வாங்கிய பொருளின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பார்கோடு இருக்கும் அட்டையை மட்டும் வெர்னா கத்தரித்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் கணவர் மில்ட்டன் கண்ணாடியில் படியும் பனியைப் பார்த்தபடி பெருமூச்சு விடுவார்.

"வீட்டுக்குப் போய் வெட்டினா ஆகாதா வெர்னா?"

"வீட்டுக்குப் போனா மறந்துடும் மில்ட்டு. நாம மறக்கணும்னுதானே அந்தக் கம்பெனிக்காரங்க காத்துக்கிட்டு இருக்காங்க!"

அமெரிக்காவின் டுலூத் நகரத்தில் தொலைபேசிக்கு வால் இருந்த காலம் அது. எந்தப் பெட்டியைத் திருப்பினாலும் தபால் தள்ளுபடிதான். முழு விலையைக் கொடுத்து வாங்க வேண்டும். பில், பார்கோடு, நிரப்பிய படிவம் மூன்றையும் கவரில் போட்டு அனுப்ப வேண்டும். பத்து வாரம் கழித்து செக் வரும். வந்தாலும் வரும்.

பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்த கைகள் வெர்னாவுடையவை. ஆனால் அந்தப் படிவத்தின் குட்டிக் கட்டங்களில் அவள் எழுத்து முத்து கோத்ததுபோல் இருக்கும். அனுப்பும் ஒவ்வொன்றுக்கும் நூலகத்தில் பத்து சென்ட் கொடுத்து நகல் எடுத்துவைப்பாள். ஒரு வீட்டுக்கு ஒன்றுதான் என்று போட்டிருந்தால், இரண்டாவது பக்கத்து வீட்டு ஆர்லிஸின் முகவரியில் போகும். ஒருமுறை மில்ட்டன் எட்டு டாலர் செக்கை விளம்பரக் காகிதம் என்று குப்பையில் எறிந்துவிட்டார். கொட்டும் பனியில் தொட்டியையே கவிழ்த்து அதை மீட்டவள் அவள்.

"கடையிலேயே குறைச்சுத் தொலைச்சா என்னடி அவங்களுக்கு?" என்று ஆர்லிஸ் அலுத்துக்கொள்வாள்.

"குறைச்சா எல்லாருக்கும் குறையுமே! இப்போ பாரு, பத்து பேர் முப்பது டாலர் தள்ளுபடின்னு பார்த்து மயங்கி வாங்குவாங்க. நாலு பேர் பில்லைத் தொலைப்பாங்க. மூணு பேர் நாளைக்கு நாளைக்குன்னே தேதியை விட்டுருவாங்க. ஒருத்தன் வந்த செக்கையே கிழிச்சுப் போடுவான், எங்க வீட்டு மகாராஜா மாதிரி. மிச்சம் ரெண்டு பேர். அதுல ஒருத்தி நான்டி!"

இருபது வருடத்தில் அவள் ஒன்றைக்கூட விட்டதில்லை. அந்த ஜனவரி வரை.

தாது ஏற்றும் கப்பல் துறைமுகத்தில் முப்பது வருடம் இரும்புச் சத்தத்தில் நின்ற மில்ட்டனுக்குக் காது மங்கிக்கொண்டே வந்தது. ஒரே மகள் ஜோலீன் அலாஸ்காவில். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவள் கூப்பிடுவாள். அப்பாவுக்காகவே வெர்னா குரலைப் பெரிதாக்கும் தொலைபேசி ஒன்றைத் தொண்ணூறு டாலருக்கு வாங்கினாள். முப்பது டாலர் தள்ளுபடி. வழக்கம்போல் கார் நகர்வதற்குள் பார்கோடு அவள் கைக்கு வந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியிலேயே, நூலகத்தில் நகல் எடுத்த கையோடு, தபால் பெட்டிக்குள்ளும் போய்விட்டது.

ஞாயிறு மாலை கூடத்தில் மில்ட்டன் புதுக் கருவியைக் காதில் வைத்தார். கேட்காத வார்த்தையைக் கத்திச் சொல்வதற்காக, சமையலறையில் இருந்த பழைய இணைப்புத் தொலைபேசியை வெர்னா எடுத்துக்கொண்டாள். இரண்டு குழந்தைகளை வயிற்றிலேயே இழந்த மகள் சொன்னாள்: "அப்பா, நாலு மாசம் ஆச்சு. இந்தத் தடவை நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாங்கப்பா."

புதுக் கருவியில் மில்ட்டனுக்குக் கேட்டது கரகர சத்தம் மட்டும்.

"இங்கேயும் அப்படித்தாம்மா," என்றார் உற்சாகமாக. "எட்டு அங்குலம் பனி. இன்னும் விழுமாம்."

ஜோலீன் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. சமையலறை வாசலில் நின்ற மனைவியின் முகத்தைப் பார்த்தே தன் பதில் தப்பென்று மில்ட்டன் புரிந்துகொண்டார். கருவியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு அவர் வெளியே இருந்தார். காலையில் தள்ளிய பாதையிலேயே மறுபடி பனி தள்ளிக்கொண்டிருந்தார். "நீயே பேசிட்டுச் சொல்லு வெர்னா. எனக்கு வேலை கிடக்கு."

பழுதான கருவியைத் தூக்கிக்கொண்டு வெர்னா கடைக்கு ஓடினாள். கவுண்ட்டரில் இருந்த பெண் பெட்டியிலிருந்த சதுர ஓட்டையைப் பார்த்தாள்.

"பார்கோடு இல்லாம மாத்தித் தர முடியாதும்மா."

"நகல் வச்சிருக்கேன், பாரு."

"அசல் வேணும்மா. அதுவும் வாங்கின முப்பது நாளுக்குள்ள."

இன்னொரு தொண்ணூறு டாலர் அந்த வீட்டில் அப்போது இல்லை. "உன் கத்தரிக்கோலுக்குக் கண் இருந்தா இப்போ அது அழும்டி," என்றாள் ஆர்லிஸ். வெர்னா அன்று மாலையே தள்ளுபடி அலுவலகத்துக்கு எழுதினாள்: "உங்க முப்பது டாலர் எனக்கு வேண்டாம். என் அட்டைத் துண்டைத் திருப்பிக் கொடுங்க. ஒரு அப்பா பேரக்குழந்தையைப் பத்திக் கேட்கணும்." கூடவே நகலையும் வைத்தாள். பெயர் தெரியாத ஏதோ ஒரு மேசைக்கு, ஆயிரம் கவர்களுக்கு நடுவில் போய்ச் சேரும் கடிதம். அந்த மேசையில் இருப்பவர்களை எதிரிகளாகவே இருபது வருடம் நினைத்திருந்தவள் அவள்.

ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. மில்ட்டன் பனி தள்ளிக்கொண்டே இருந்தார்.

தொலைபேசி வாங்கிய இருபத்தெட்டாம் நாள் ஒரு கவர் வந்தது. உள்ளே அவள் கத்தரித்த அதே அட்டைத் துண்டு. அதன்மேல் ஒட்டிய மஞ்சள் சீட்டில் பேனாவால் ஒரு வரி: "இப்படிச் செய்ய எங்களுக்கு அனுமதி இல்லை. என் அப்பாவுக்கும் காது கேட்காது. ரோண்டா."

வெர்னா கோட்டின் பொத்தானைக்கூடப் போடாமல் காருக்கு ஓடினாள்.

இப்போது அவளுக்கு எண்பத்திரண்டு வயது. மில்ட்டன் போய் ஆறு வருடம். தள்ளுபடிகளெல்லாம் கைபேசிக்குள் குடிபோய்விட்டன. கத்தரிக்கவும் ஒட்டவும் காத்திருக்கவும் ஒன்றுமில்லை. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபி குடிக்கும்போது ஆர்லிஸ்தான் இந்தக் கதையைக் கிளறிவிடுவாள். நூறு முறை கேட்டவள், ஒன்றும் தெரியாதவள்போல் கேட்பாள்.

"புது ஃபோன்ல ஜோலீன் என்னடி சொன்னா?"

"'பையன் பொறந்தா உங்க பேர்தான்பா'ன்னா."

"அவர்?"

"'வேண்டாம்மா, அந்தப் பேரால பள்ளிக்கூடத்துல நான் பட்டது போதும்'னார். ஒரு வார்த்தை தப்பலடி. அவளும் சிரிக்கிறா, அவரும் சிரிக்கிறார்."

"நீ சமையலறை ஃபோன்ல கேட்டுக்கிட்டே இருந்தியா?"

வெர்னா ரிசீவரைப் பிடிப்பதுபோல் வலது கையைக் குவித்துக் காதருகே கொண்டுபோகிறாள். ஒரு நொடி அப்படியே வைத்திருக்கிறாள். பிறகு, துளிச் சத்தமும் எழக் கூடாது என்பதுபோல், அந்தக் கையை மெல்ல இறக்கி மேசைமேல் வைக்கிறாள்.