நான் சுருக்கிய பெயர்

அந்தக் காகித மட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. கம்பியூட்டருக்குப் பக்கத்தில் சணல் கயிற்றில் தொங்கியது. எண்பதுகளின் தொடக்கம். கொக்குவிலில் விதைக்கிழங்கு பங்கிடும் சங்கமொன்றில் நான் ரைப் அடிப்பவன். படிப்பு எட்டாம் வகுப்பு. சி மொழியில் புரோகிராம் எழுத வந்தவள் என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். அவள் தாளில் எழுதித் தருவாள், நான் அடிப்பேன்.

அடிக்கடி வரும் வேலையை ஒருமுறை எழுதி அதற்கொரு பெயர் வைப்பாள். மேக்ரோ என்பது அதுதான். பெயர் வரும் இடமெல்லாம் எந்திரம் முழு வரியையும் போட்டுக்கொள்ளும். பெயரையும் அதன் வேலையையும் மட்டையில் எழுதி வைத்திருந்தாள். அதில் ஒன்று, இரண்டு எண்களில் சிறியதைத் தருவது. பெயரின் முடிவில் ‘இரண்டு தரம்’ என்று பொருள்படச் சேர்த்திருந்தாள். உள்ளே கொடுப்பதை எந்திரம் இரண்டு தரம் செய்யக்கூடும் என்ற எச்சரிக்கை.

“உந்த நீளப் பேரை அடிச்சு விரல் தேயுது, பிள்ளை.”

“தேயட்டும் அண்ணை. நாளைக்கு வாசிக்கிற ஆளுக்குத் தலை தேயக்கூடாது.”

அவள் கொழும்புக்குப் போன வாரம் அந்தப் பெயரை எல்லா இடத்திலும் இரண்டெழுத்தாக்கினேன். மறந்துபோகாமல் மட்டையிலும் நீலப் பேனையால் எழுதினேன். அவளிடம் சொல்லவில்லை. திரும்பி வந்தவள், நடுகை நெருங்கிய அவசரத்தில், புரோகிராமில் இருந்த இரண்டெழுத்தைக் கண்டு, அதற்குள் ‘அடுத்த ஆள் கேட்ட அளவை வாசி’ என்று, ஆளுக்கு இவ்வளவுதான் என்ற வரம்போடு சேர்த்துப் போட்டாள். எச்சரிக்க அங்கே ஒன்றும் இல்லை. வரம்பைவிடக் குறையக் கேட்டவர் வந்தால் எந்திரம் இன்னொரு தரம் வாசித்தது. அவரை விட்டுவிட்டு அடுத்தவரை எடுத்தது. விடுபட்டவர்கள் எல்லோரும் குறையக் கேட்டவர்கள்.

தெல்லிப்பழையிலிருந்து ஒருவர் வெறுஞ்சாக்கோடு வந்து நின்றார்.

“ரெண்டு அந்தர் கிழங்குதானே தங்கச்சி கேட்டனான். அதுவும் இல்லையோ?”

கிழங்கு பங்கிட்டு முடிந்திருந்தது. அவள் பின்னேரம்வரை தேடிப் பிழையைக் கண்டாள். மனேச்சர் கூப்பிட்டார்.

“உந்தப் பெட்டிக்கு ஏழையளைக் கண்ணிலை காட்டேலாதோ?”

“பெட்டியிலை பிழையில்லை ஐயா. பிழை என்ரை.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. வெறுஞ்சாக்கோடு வந்தவரின் தோட்டத் தறை அந்தப் போகம் வெறுமையாகக் கிடந்தது. மாத முடிவில் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். போகுமுன் அந்தப் பெயரை எல்லா இடத்திலும் தானே இருந்து பழையபடி நீளமாக அடித்தாள். “வாறன் அண்ணை” என்றாள். அவ்வளவுதான்.

கயிறு உக்கிவிட்டது. மட்டையில் என் இரண்டெழுத்தின் மேல் ஒரு சிவப்புக் கோடு. அழுத்தாமல் இழுத்த கோடு, கீழே இருப்பதை இப்போதும் வாசிக்கலாம். மனேச்சரிடம் போகுமுன்னமே அதைப் போட்டாள். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும்.