அடைப்புக்குறிக்குள் ஓர் இருமல்

யார் என்ன பேசினாலும் அதை உடனுக்குடன் எழுத்தாக்குவதுதான் அவளுடைய பிழைப்பு. "சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை. எங்க வீட்டுக் கிளி சொன்னதை டைப் அடிக்கும்" என்று கணவர் ஒருநாள் விளையாட்டாகச் சொல்லப்போக, அதுவே அவளுக்குப் பெயராக நின்றுவிட்டது. தம்பிகூடக் கிளியக்கா என்றுதான் கூப்பிடுவான்.

முன்பு ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அதை மூடிய பிறகு இந்த வேலை கிடைத்தது. பள்ளிக்கூடங்கள் இணையத்தில் வகுப்பு நடத்தும்போது, காது கேளாத பிள்ளைகள் படிப்பதற்காகத் திரையின் அடியில் வரிவரியாக எழுத்து ஓடும். எங்கோ ஒருவர் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அதைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். பேச்சை மட்டும் எழுதினால் போதாது. கதவு அறைந்தால் (கதவு அறைகிறது), யாராவது சிரித்தால் (சிரிப்பு) என்று சத்தங்களையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். வேலை சொல்லிக்கொடுத்தவர்கள், "எது முக்கியம், எது முக்கியமில்லைன்னு நீங்க முடிவு பண்ணாதீங்க. காதுல விழுந்தா கையில வரணும்" என்றார்கள். சில மாதங்களில் அது அவளுக்குக் கைவந்துவிட்டது. காது கேட்கும், விரல் அடிக்கும், மனம் தன் பாட்டுக்கு நாளைய சமையலை யோசித்துக்கொண்டிருக்கும்.

வீடு மூன்றாவது மாடியில். சமையலறை மேடையின் ஒரு மூலையில் கம்ப்யூட்டரை வைத்து வேலை பார்ப்பாள். வருகிறவர்கள் எல்லோரும் அந்த மேடையை ஒருமுறை தடவிப் பார்க்காமல் போகமாட்டார்கள். பால் வெள்ளையில் சாம்பல் நிற நரம்போடிய கல். கணவர் வேலை செய்யும் பட்டறையில் மிஞ்சிய துண்டு. கல்லைப் பொடியாக்கிப் பிசின் கலந்து அழுத்திச் செய்த செயற்கைக் கல் அது. வீடு கட்டுகிறவர்கள் இப்போது சமையல் மேடைக்கு அதைத்தான் கேட்கிறார்கள். அந்தப் பலகைகளை அளவுக்கு அறுத்து, ஓரம் தேய்த்து, பாத்திரத் தொட்டிக்கு ஓட்டை போடுவது கணவரின் வேலை. தம்பியையும் அவரே அங்கே சேர்த்துவிட்டார். சேர்த்துவிடுங்கள் என்று அவரை நச்சரித்தவள் கிளிதான்.

ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வாள். இன்னொரு காது அடுப்புக்கும் வாசல் மணிக்கும்.

அந்த வருஷம் அவளுக்கு வந்தது பொது சுகாதார வகுப்பு. பல பள்ளிகளிலிருந்து மேல்வகுப்புப் பிள்ளைகள் சாயங்காலத்தில் சேர்ந்து படித்தார்கள். டீச்சர் புத்தகத்தை வாசித்து ஒப்பேற்றும் ரகமில்லை. ஒவ்வொரு வாரமும் எதையாவது செய்யச் சொல்வார். ஒரு வாரம் கையில் மினுமினுப்புப் பொடியைத் தடவிக்கொண்டு, அது வீட்டில் எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று கேமராவில் காட்டச் சொன்னார். இன்னொரு வாரம் கொசுப்புழு தேடச் சொன்னார். ஒருத்தன் தன் தாத்தாவின் பல்செட் ஊறும் டம்ளரைத் தூக்கிக் காட்ட, பின்னாலிருந்து தாத்தாவே "அதைக் கீழ வைடா!" என்று கத்த, வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கிளியும் சிரித்துக்கொண்டே (நீண்ட சிரிப்பு) என்று அடித்தாள்.

இத்தனை எழுத்தும் ஒரே ஒரு மாணவிக்காகத்தான். திரையில் அவள் வைத்துக்கொண்ட பெயர் மின்மினி. பிறவியிலேயே காது கேளாதவள். வகுப்பு முடிந்ததும் கிளிக்குத் தனியாக ஒரு வரி அனுப்பாமல் போகமாட்டாள். "தேங்க்ஸ் அக்கா. இன்னைக்கு டீச்சர் வீட்டு நாய்க்கு நல்ல மூடு போல, குரைக்கவே இல்ல."

கணவர் வேலை முடிந்து வரும் நேரமும் வகுப்பு நேரமும் ஒன்றாக இருந்தன. முன்பெல்லாம் வந்ததும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, டீச்சர் மாதிரிக் கையை ஆட்டிக் கேலி செய்வார். இப்போது முகம் கழுவிவிட்டு நேரே உள்ளறைக்குப் போய்ப் படுத்துவிடுகிறார். வேலை ஜாஸ்தி என்றார், சரி என்று விட்டாள். தலையணைக்கு மேல் இன்னொரு தலையணை கேட்டார், கழுத்துவலியாக இருக்கும் என்று எடுத்துக்கொடுத்தாள். பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார், தொப்பை குறைந்தால் நல்லதுதானே. கீழ்வீட்டுப் பெண் ஒருநாள், "உங்க வீட்டுக்காரர் தினமும் பாதிப் படியில நின்னு போனைப் பாத்துட்டே இருக்காரே, யாருக்கு அப்படி மெசேஜ் அனுப்புறாரு? கொஞ்சம் கவனிங்க" என்று கண்ணடித்தாள். கிளி சிரித்துவிட்டு வந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் கையில் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் அவளுக்குத் தோன்றவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் 'வேலையும் மூச்சும்' என்ற பாடம் வந்தது. ஆளுக்கொரு உறிஞ்சுகுழலோடு வரவேண்டும் என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தார்.

"சில வேலையில தூசி உள்ள போய் நுரையீரல் கெட்டியாயிடும். அவங்களுக்கு மூச்சு எப்படி இருக்கும்னு நான் சொன்னா புரியாது. மூக்கைப் பிடிச்சுக்கோங்க. குழல் வழியா மட்டும் மூச்சு விடுங்க. நான் கைகாட்டினதும் எழுந்து எழுந்து உட்காருங்க. தலை சுத்துச்சுன்னா உடனே நிறுத்திடணும். எல்லார் மைக்கையும் மூடிடறேன், பேச்சு கூடாது."

திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். முதலில் சிரித்த முகங்கள் சிறிது நேரத்தில் சிவந்துபோயின. டீச்சரும் வாயில் குழலோடு கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். ஹெட்போனில் ஒரு பொட்டுச் சத்தமில்லை. கிளி ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மின்மினியின் கட்டத்தில் அவள் குழலை எடுத்துவிட்டு எதையோ தட்டுவது தெரிந்தது. எல்லோருக்கும் தெரியும்படி அவள் கேள்வி திரையில் வந்தது.

"யார் இருமுறாங்க டீச்சர்? எல்லார் மைக்கும் மூடித்தானே இருக்கு?"

டீச்சர் குழலை எடுத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். "இருமலா? எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா."

கிளி அப்போதுதான் திரையின் அடியில் பார்த்தாள். அவளுடைய விரல்கள் அடித்துவைத்திருந்தன. (இருமல்). அதற்குக் கீழே (இருமல்). அதற்கும் கீழே (தொடர்ந்து இருமல்).

திறந்திருந்த காதைக் கொடுத்துக் கேட்டாள். உள்ளறையிலிருந்து வந்தது. சளி இல்லாத வறண்ட இருமல். ஒன்று முடியும் முன் அடுத்தது வந்து முட்டியது. எத்தனை நாளாக இதைக் கேட்டுக்கொண்டே கேட்காமல் இருந்தோம் என்று எண்ணிப் பார்த்தாள்.

"மன்னிக்கவும். இது வகுப்புச் சத்தம் இல்லை" என்று மட்டும் எழுதினாள்.

வகுப்பு முடிந்ததும் குளிர்பானக் குழல் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். தெருவாசலில் நின்று மூக்கைப் பிடித்து, குழலை வாயில் வைத்து, படியேறத் தொடங்கினாள். முதல் மாடி தாண்டியது. இரண்டாவது மாடி வளைவில் கால் மேலே எழவில்லை. நெஞ்சு திறந்து திறந்து மூடியது, காற்றுதான் வந்து சேரவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். கணவர் தினமும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இடம் அது.

மேலே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, படியேறும்போது மூச்சு முட்டுதா?"

"யாரு சொன்னா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"வயசாகுதுல்ல."

"நாப்பதுகூட ஆகல உங்களுக்கு."

அவர் சுவரைப் பார்த்தார். "தூசிதான் கிளி. உப்புக்குப் பெறாத விஷயம். குளிச்சா போயிடும். எல்லாரும்தான் இருமுறாங்க."

கடைசி வார்த்தைதான் அவளைத் தூங்கவிடவில்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் பட்டறைக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் அதற்குள் கால் வைத்ததில்லை. தகரக் கொட்டகைக்குள் பகல் வெளிச்சமே வெண்மையாகக் குழம்பியிருந்தது. மெஷின் பல் கல்லில் இறங்கும்போதெல்லாம் தூசி புகைபோல எழும்பி, இறங்க மனமில்லாமல் அங்கேயே மிதந்தது. வாயில் துணி கட்டிய ஓர் உருவம் அவளை நோக்கி வந்தது. தலைமயிர், புருவம், இமை எல்லாம் வெள்ளை. ஒரு கிழவர் வருகிறார் என்று நினைத்து வழிவிட்டு ஒதுங்கினாள்.

"என்ன கிளியக்கா, தம்பியையே தெரியலையா?" என்று அது சிரித்தது.

மேஸ்திரி அவளுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நல்ல மனிதர். தண்ணீர் ஊற்றி அறுக்கலாமே என்று அவள் கேட்டதற்கு, "ஊத்தினா சேறாகும்மா, வேலை இழுக்கும். பைப்பும் எப்பவோ உடைஞ்சு போச்சு" என்றார்.

"உங்களுக்கு முன்னாடி இருந்த மேஸ்திரி?"

"அவருக்கு டிபி. ஊருக்குப் போயிட்டாரு. பாலிஷ் போட்டுட்டிருந்தவரும் டிபிதான், பாவம். இந்தக் கொட்டகைக்கு ஏதோ திருஷ்டி."

வெளியே வந்தபோது அவள் சேலையிலும் மெல்லிய வெள்ளை படிந்திருந்தது. உதற ஓங்கிய கையை அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

வகுப்பில் வாய் திறக்கக் கூடாது என்பது அவள் வேலையின் விதி. ஆனால் அன்று மின்மினி தனியாக, "அக்கா, நான் கேட்டது தப்பா?" என்று அனுப்பியதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "தப்பில்லைம்மா. அது எங்க வீட்டு இருமல்" என்று பதில் போட்டாள். பிறகு டீச்சருக்கே எல்லாவற்றையும் எழுதினாள். அவர் உடனே போனில் அழைத்து, நுரையீரல் டாக்டர் ஒருவரின் முகவரியைக் கொடுத்தார். கணவரை அங்கே கூட்டிப்போவது கல்லில் நார் உரிப்பதாக இருந்தது. "எனக்காக வேண்டாம், உங்க மச்சானுக்காக வாங்க. அவன் நீங்க சேர்த்துவிட்ட ஆளு" என்று சொன்ன பிறகுதான் சட்டையை மாட்டினார்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, நோயைக் கேட்கவில்லை, வேலையைக் கேட்டார். கணவர் சொன்னார். டாக்டர் தலையை மெதுவாக ஆட்டினார்.

"சளியையும் பாத்துட்டோம், டிபி இல்ல. கல்தூசி. நுரையீரல்ல தழும்பு விழுந்திருக்கு."

"மருந்து?"

"மூச்சு கொஞ்சம் லேசாக மருந்து தரலாம். போனது திரும்பாது. இன்னைக்கே வேலையை விடணும். விட்டாலும் அது வளராதுன்னு என்னால சொல்ல முடியாது."

கணவர் வெளியே வந்து மருத்துவமனைத் தோட்டத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "அவனை முதல்ல வெளிய எடு" என்றார்.

தம்பி அசையவில்லை. "மாமாவுக்கு வந்தா எனக்கும் வரணுமா? நான் குதிரை மாதிரி இருக்கேன்" என்று மார்பைத் தட்டிக் காட்டினான். அவன் மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். இவர்கள் பேசுவதைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், "இவரு துணியை தினமும் பால்கனியில நான்தானே உதறுறேன், அண்ணி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தம்பியின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது.

அவனுடைய எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் சொன்னது ஒரே வார்த்தை. "ஆரம்பம்."

அவன் வேலையை விட்டுவிட்டு வேன் ஓட்டப் போனான். கணவர் ஒரு நூலகத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குப் போகிறார். வீட்டைத் தரைத்தளத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். குளிர்காலத்தில் அவருக்குப் பேச்சு நடுவில் அறுந்து அறுந்து வரும். சொல்ல வந்ததை அவள் முடித்துவைத்தால் கோபம் வரும். "என் வசனத்தை நானே பேசிக்கிறேன், கிளி" என்பார். அவள் காத்திருக்கப் பழகிக்கொண்டாள்.

டீச்சர் எழுதிப் போட்டதன்பேரில் தொழிலாளர் துறை அதிகாரிகள் பட்டறைக்கு வந்தார்கள். சில வாரங்கள் தண்ணீர் ஊற்றி அறுத்தார்கள். பிறகு ஒருநாள் கொட்டகை பூட்டிக் கிடந்தது. எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுவருஷம் தம்பி ஒரு லோடு இறக்கப் போன இடம் ஊருக்கு வெளியே, பெயர்ப்பலகை இல்லாத ஒரு கிடங்கு. லோடு முழுக்க வெள்ளைப் பலகைகள். உள்ளே அதே மெஷின்கள், அதே மேஸ்திரி, முகத்தில் துணி கட்டிய புது ஆட்கள். மேஸ்திரி அவன் தோளைத் தட்டி, "வந்துடுப்பா, ஆள் பத்தல" என்றாராம். பேசி முடிப்பதற்குள் அவருக்கே மூச்சு இரைத்ததாம்.

கிளி அந்த அதிகாரிகளின் அலுவலகத்துக்குப் போன் செய்து இடத்தைச் சொன்னாள். "குறிச்சுக்கிட்டோம், பாக்கிறோம்" என்றார்கள். அடுத்த முறையும் அதையேதான் சொன்னார்கள்.

பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் கணவரும் அவளும் தம்பியின் வேனிலேயே போனார்கள். கிடங்குக்கு எதிரே டீக்கடை. இடைவேளையில் ஆட்கள் வெள்ளை வெள்ளையாக வந்து உட்கார்ந்தார்கள். கணவர் தன் எக்ஸ்ரேயை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டி, நிறுத்தி நிறுத்தி, தன் குரலிலேயே எல்லாவற்றையும் சொன்னார். கிளி குறுக்கே பேசவில்லை.

"எங்களுக்கெல்லாம் இரும்பு நெஞ்சுண்ணே" என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். டீ டம்ளர்களை வைத்துவிட்டு எழுந்தார்கள். ஒருத்தன் மட்டும் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்து பின்தங்கினான். மற்றவர்கள் தெருவைக் கடக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, "அந்த டாக்டர் எங்க இருக்காருண்ணே?" என்று கேட்டான். தம்பி வேன் கதவைத் திறந்தான். அவன் ஏறி உட்கார்ந்தான்.

தெருவுக்கு அப்பால் கிடங்குக் கதவு சாத்திக்கொண்டது. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.