செல்வி வீட்டு வெந்நீர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓர் ஒற்றை அறை வீட்டில் உட்கார்ந்து ‘எரிபொருளை மிச்சம் பிடிப்பது எப்படி’ என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். கேட்டவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்திக்கு ஆறு வயது.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இதில் அதிசயமில்லை. ரிட்டயரானவன் சும்மா இருப்பானா? மைசூரில் எங்கள் லேஅவுட்டில் என்னைப் போல நாலைந்து பெரிசுகள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். குழந்தைகளோடு சிரமப்படும் குடும்பங்களைப் பார்த்து, கரண்ட், கேஸ் செலவைக் குறைக்க வழி சொல்கிறோம். போகும்போது கையில் முப்பது கேள்விகள் கொண்ட ஒரு பாரம் இருக்கும். எல்லாம் நான் தயாரித்தவை — என் மனைவி அதைப் போலீஸ் விசாரணை என்பாள்.

அன்று போனது செல்வி வீட்டுக்கு. தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமமான கௌதள்ளிக்காரி. கணவர் லாரியில் கிளம்பினால் திரும்பப் பத்து நாளாகும். இரண்டு பெண்கள் — பத்து வயது பவித்ரா, ஆறு வயது ரம்யா. செல்விக்குக் கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்க நின்றபடிதான். மாடியில் வீட்டு ஓனரம்மா. கீழே பின்பக்க அறையில் இவர்கள்.

பல்பில் ஆரம்பித்தேன். இருந்ததே இரண்டு பல்பு, இரண்டும் எல்இடி. ஃபிரிட்ஜ்? இல்லை. கீசர்? செல்வி மரியாதைக்குச் சிரித்தாள். என் பாரத்தில் முக்கால்வாசி காலியாகவே நின்றது.

“கேஸ்தானுங்க சார் புரியல,” என்றாள். “முன்னெல்லாம் ரெண்டு மாசம் வரும். இப்ப ஒரு மாசம் தாண்ட மாட்டேங்குது. எங்கியாச்சும் லீக் ஆகுதோன்னு பயமா இருக்குதுங்க. சாயங்காலம் புள்ளைங்க தனியாத்தான இருக்குதுங்க.”

எழுந்து போய் ட்யூபில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. சரி, விட்ட இடத்திலிருந்து தொடருவோம் என்று அடுத்த கேள்வியைப் படித்தேன். மாலையில் எத்தனை தடவை அடுப்பைப் பற்ற வைக்கிறீர்கள்?

“நான் வந்து சோறாக்க ஒருக்காத்தானுங்க,” என்றாள் செல்வி.

“இல்ல. அக்கா மூணு வாட்டி,” என்றாள் ரம்யா.

பவித்ரா தங்கையை முறைத்த முறைப்பைப் பார்க்க வேண்டுமே… அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. அம்மா கால் வலியோடு வருவாள். வந்ததும் காலை வைக்க வெந்நீர் வேண்டும். எனவே பள்ளி விட்டு வந்ததும் பவித்ரா தண்ணீர் சுட வைப்பாள். கம்பெனி வேன் லேட்டாகும், தண்ணீர் ஆறிவிடும். திரும்பப் பற்ற வைப்பாள். தெருவில் ஏதாவது வேன் சத்தம் கேட்டால் இன்னொரு தடவை.

“ஸ்வல்ப நேரந்தான் அங்கிள், கொஞ்சமே கொஞ்சம்,” என்றாள் என்னிடம். இந்த ஊர்க் குழந்தைகளுக்குப் பயம் வந்தால் கன்னடமும் கூடவே வந்துவிடும்.

“ஓனரம்மா சோலார் தண்ணி குடுத்தாங்கன்னு சொன்னியே?” என்றாள் செல்வி மகளிடம். “நானு அதுக்குன்னே ஞாயித்துக்கிழமையானா அவங்க வாசலக் கூட்டிட்டு இருக்கேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் கூட்ட விட்டிருக்கிறாரே அந்த அம்மா!

செல்வி சிரிக்கவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு மேலே கொடி. கொடியில் நைலான் புடவை, இரண்டு யூனிஃபார்ம். பவித்ராவை அடிக்க ஓங்கிய அவள் கை பாதியில் நின்றுவிட்டது.

“நீ ராத்திரி கால் வலிக்குதுன்னு அழுதியேம்மா,” என்றாள் பவித்ரா.

செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நாளையிலிருந்து வேலைக்குப் போகலைங்க சார். இதுங்கள விட எனக்கு வேலை பெருசில்ல.”

அவள் வேலையை விட்டால் அந்தக் குடும்பம் எப்படி ஓடும்? பாரத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பிறகுதான் மூளை கொஞ்சம் வேலை செய்தது. எங்கள் ஊரில் மாடிக்கு மாடி சோலார் ஹீட்டர். அந்த வெயில்தானே செல்வி வீட்டுத் துவைக்கிற கல்லிலும் விழுகிறது? என் வீட்டு கேட்டுக்கு அடித்தது போக மிச்சமிருந்த கறுப்பு பெயின்ட்டை இரண்டு சின்னத் தண்ணீர் கேன்களுக்கு அடித்தேன். காலையில் நிரப்பிக் கல்லின் மேல் வைத்துவிட வேண்டியது. மாலையில் பவித்ரா உள்ளே கொண்டுவந்து கம்பளியில் சுற்றி வைப்பாள். செல்வி கிளம்பும்போது ரெகுலேட்டரை மூடி, சிலிண்டரிலிருந்து கழற்றிப் பிள்ளைகளுக்கு எட்டாத பரண் மேல் வைத்துவிடுவாள். கொடி வேறு சுவருக்குப் போயிற்று.

வெயிலடித்த நாளெல்லாம் தண்ணீர் நன்றாகவே சுட்டது. அக்கா அடுப்புப் பக்கமே போவதில்லை என்று ரம்யா ரிப்போர்ட் கொடுத்தாள். செல்வியும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

போன வியாழன் மாலை எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். காலையிலிருந்து தூறல். வெயில் எட்டியே பார்க்கவில்லை. செல்வி ஏழு மணிக்குக் காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்தாள். பவித்ரா கம்பளியைப் பிரித்து, சொட்டு சிந்தாமல் பேசினில் ஊற்றினாள். செல்வி இரண்டு காலையும் உள்ளே வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

“சூடு பத்துமாம்மா?”

“சுள்ளுன்னு இருக்குது சாமி. வலியெல்லாம் இறங்குது.”

பவித்ரா வெளியே வானத்தைப் பார்த்தாள். ரெகுலேட்டர் இருந்த பரணைப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

“அங்கிள், நீங்க பாருங்க. நெஜமாவே சுடுதா?”

தெர்மாமீட்டர் இல்லாமல் காய்ச்சல் என்றுகூட ஒப்புக்கொள்ளாத ஆள் நான். குனிந்து விரலை விட்டேன். ஜில்லென்று இருந்தது. நிமிர்ந்தால், செல்வி கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சூட்டுல கை வைக்க முடியலையேம்மா,” என்றேன் பவித்ராவிடம்.