இரண்டு சர்வருக்கும் பூசை

போன வருஷம் ஆயுத பூசை முடிஞ்ச மறுநாள் காலையில நடந்தது இது. நம்ம மலேசியாவுல, கேமரன் மலையில, திரிங்காப்புக்குக் கொஞ்சம் தள்ளி உள்ளே போற ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸ்ல. நான் கீழ ஈப்போ டவுன்ல கம்ப்யூட்டர் நெட்வொர்க் போட்டுக் கொடுக்கிற வேலை செய்றவ. "பொம்பளப் புள்ளயா வந்து வயர் இழுக்கப் போவுது?"ன்னு கேட்டவங்க எல்லாம் இப்ப லைன் நின்னா எனக்குத்தான் முதல்ல போன் அடிக்கிறாங்க. அது கிடக்கட்டும்.

அந்தத் தோட்டத்துக்கு ஒரு ஃபைல் சர்வர் போட்டுக் கொடுத்திருந்தேன். ஆபீஸ், ஃபேக்டரி, ஸ்டோர்னு எங்க இருந்து திறந்தாலும் எல்லாருக்கும் ஒரே இடத்துல ஃபைல் கிடைக்கும். மலையில கரண்டு அடிக்கடி விளையாட்டுக் காட்டும்ல? அதனால சர்வர் பொட்டி ரெண்டு வச்சேன். ரெண்டுக்கும் பொதுவா, ஹார்ட் டிஸ்க் அடுக்கின ஒரே ஒரு ஸ்டோரேஜ் பொட்டி. ஒரு சர்வர் வேலை செய்யும், மற்றது சும்மா இருக்கும். முதலாவது படுத்துட்டா அதை அணைச்சிட்டு, ரெண்டாவதோட பட்டனை அமுக்கணும். அது ஸ்டோரேஜைத் தன் கையில எடுத்துக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல மட்டும் ஓடவே கூடாது. ஒரே சட்டியில ரெண்டு பேரு ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் உப்பைப் போட்ட கதை ஆயிடும். ஒண்ணு எழுதினதுக்கு மேலயே இன்னொண்ணு எழுதித் தள்ளும். இதை ஆபீஸ் கிராணி அக்காகிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லி வச்சிருந்தேன். கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிறவங்க அவங்கதான்.

அன்னைக்கு அந்த அக்காதான் போன் அடிச்சாங்க. "தங்கச்சி, கொஞ்சம் வர முடியுமா? எதைத் திறந்தாலும் கட்டம் கட்டமா வருது லா." குரலே சரியில்ல. காரை எடுத்துட்டு ஏறினேன். காய்கறி லோரிக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு, திட்டிக்கிட்டேதான் போய்ச் சேர்ந்தேன்.

ஆபீஸ் அறைக்குள்ள நுழைஞ்சதுமே எனக்குப் புரிஞ்சு போச்சு. முதல் சர்வர் நெத்தியில சந்தனம், குங்குமம். ரெண்டாவது சர்வர் நெத்தியிலயும் சந்தனம், குங்குமம். ரெண்டுலயும் பச்சை விளக்கு ஜம்முனு எரியுது. அடப்பாவிங்களா!

ஃபேக்டரி மண்டோர், ஆளுங்களை மேய்க்கிற பெரியவர், ரொம்பப் பெருமையா முன்னால வந்தாரு. அந்தத் தோட்டத்துல ஒரு வழக்கம். கொழுந்து அரைக்கிற மெஷின், அடுப்பு, லோரி, ஜெராக்ஸ் மெஷின் வரைக்கும் எல்லாத்தையும் நிறுத்திப் பொட்டு வச்சு, சூடம் காட்டினதும் ஒவ்வொண்ணையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தே ஆகணும். பூசை போட்ட மெஷினை ஓட்டாம விட்டா அந்த வருஷம் அது மக்கர் பண்ணுமாம். அக்கா அந்தப் பக்கம் சுண்டல் கொடுத்துக்கிட்டு இருந்த நேரத்துல இவர் இங்க வந்து ரெண்டாவது பட்டனையும் அமுக்கியிருக்காரு.

"ஒண்ணுக்கு மட்டும் போட்டா இன்னொண்ணு கோவிச்சுக்காதா, மா?"ன்னு என்னையே கேட்டாரு. எனக்கு அழுறதா சிரிக்கிறதான்னு தெரியல. அதுக்கு அப்புறம் அணைக்க மறந்திருக்காங்க. ராத்திரி முழுக்க ரெண்டும் மாறி மாறி எழுதித் தீர்த்திருக்கு.

துரை வந்து எட்டிப் பார்த்தாரு. அவர்தான் மேனேஜர். அவருக்கு அவசரம். "கணக்கெல்லாம் தினமும் கே.எல். ஹெட் ஆபீசுக்குக் காப்பி போவுதுதானே? இதை அழிச்சிட்டுப் புதுசா போட்டுடுங்க. சாயங்காலத்துக்குள்ள ஓடணும்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அவர் சொன்னது நியாயம்தான். நானும் அழிக்கிறதுக்குக் கீபோர்டுல கை வச்சேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடிச்சுட்டாங்க. "அழிக்காதம்மா." கை சில்லுனு இருந்துச்சு. "அதுல அவர் இருக்காரு."

அப்புறம்தான் விஷயம் வெளிய வந்துச்சு. அக்காவோட வீட்டுக்காரர் அந்த ஃபேக்டரியில டீ மேக்கரா இருந்தவர். கொழுந்து எவ்வளவு நேரம் வாடணும், எப்ப அரைக்கணும்னு முடிவு பண்றவர். அவருக்கு எழுதக் கை வணங்காது. அதனால தினமும் காலையில போன்ல பேசிப் பதிவு பண்ணி ஆபீசுக்கு அனுப்புவாரு. அக்கா அதைக் கேட்டு ரிப்போர்ட்டுல ஏத்துவாங்க. மனுஷன் ஒரு நாள் நெஞ்சு வலின்னு தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பி வரல. அவர் பேசினது மட்டும் ஆபீஸ் கம்ப்யூட்டர்லயே தங்கிடுச்சு. நான் சர்வர் போட்டப்ப அதையும் இதுக்குள்ள மாத்தியிருக்கேன், என்னன்னு தெரியாமலே. ஆபீஸ் விஷயம் இல்லைன்னு அக்கா அதைச் சர்வர்ல தன் பேருல ஒரு ஃபோல்டர் போட்டுத் தனியா வச்சிருந்ததால, கே.எல். காப்பியிலயும் அது சேரல.

தினமும் காலையில ஆபீசைத் திறந்ததும், முந்தின வருஷங்கள்ல அதே தேதியில அவர் பேசினதைக் கேட்டுட்டுத்தான் அக்கா வேலையை ஆரம்பிப்பாங்களாம். "என்னக்கா பேசுவாரு?"ன்னு கேட்டேன். "என்ன பேசுவாரு, கொழுந்தைப் பத்தித்தான். ஆனா ஒவ்வொண்ணுலயும் 'கிராணியம்மா, எழுதிக்குங்க'ன்னுதான் ஆரம்பிப்பாரு. வீட்டுல 'ஏய், இந்தா'தான். இதுலதான் எனக்கு மரியாதை"ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. சிரிச்ச முகத்தோடயே கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

அதுக்கு மேல எனக்கு எப்படி அழிக்கக் கை வரும்? துரைகிட்ட போய், இந்த டிஸ்க்கை நான் தொடாம வச்சிருக்கேன், வேற டிஸ்க் போட்டு உங்க சர்வரை ஓட விடறேன்னு சொன்னேன். முறைச்சாரு. ஆனா வேணாம்னு சொல்லல. வேலையை முடிச்சுக் கொடுத்துட்டு, கெட்டுப்போன டிஸ்க்குங்களைத் துணியில சுத்தி ஈப்போவுக்கு எடுத்துட்டு வந்தேன். அப்படியே ஒரு நகல் எடுத்து, நகல் மேலதான் கை வச்சேன். சாப்பாட்டு நேரம், தூங்குற நேரம் எல்லாம் அதுதான் நினைப்பு. ஒரு முழு வரி கேட்டாக்கூடப் போதும் சாமின்னு வேண்டிக்கிட்டேன்.

கிடைச்சுது. எல்லாம் இல்ல. சிலது பாதிப் பேச்சுல அறுந்திருந்துச்சு. பெரும்பாலும் முழுசாவே இருந்துச்சு, ஆனா ஒண்ணுக்கும் பேரும் இல்ல, தேதியும் இல்ல. வெறும் நம்பருங்க. எது எந்த வருஷம், எந்த நாள்னு கடவுளுக்குத்தான் தெரியும்.

அதை எடுத்துட்டு மறுபடியும் மலை ஏறினப்ப, குற்றவாளி மாதிரிதான் அக்கா முன்னால உக்காந்தேன். நிலைமையைச் சொன்னேன். அவங்க மவுசைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாங்க. ஏதோ ஒரு நம்பரைத் தட்டினாங்க. மெஷின் ஓடுற சத்தம், ஒரு இருமல், அப்புறம் அந்தக் குரல். "கிராணியம்மா, எழுதிக்குங்க. இன்னைக்கு விடாம மழை. கொழுந்தெல்லாம் ஈரம். யாரும் அவசரப்படக் கூடாது."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாங்க. வெளிய பளிச்சுனு வெயில். "இந்த மனுஷனுக்கு எப்பவும் இதே வேலை"ன்னு வாய்விட்டுச் சிரிச்சாங்க.

"பழைய ரிப்போர்ட்டுங்களோட ஒத்துப் பார்த்தா எல்லாத்துக்கும் தேதி கண்டுபிடிச்சுடலாம்க்கா. நான் செஞ்சு தர்றேன்"னு சொன்னேன். உண்மையாவே செஞ்சிருப்பேன்.

"வேணாம்மா, இருக்கட்டும்" அப்படின்னாங்க. "முன்ன எல்லாம் இன்னைக்கு என்ன சொல்லுவாருன்னு எனக்கு மனப்பாடம். போன வருஷம் கேட்டதுதானே. இனிமே காலையில வந்து உக்காந்தா, என்ன பேசப் போறாருன்னு தெரியாது. உயிரோட இருந்தப்பவும் அப்படித்தானே இருந்துச்சு?"

தேதிப் பேச்சை நான் அதோட விட்டுட்டேன். போயிட்டு வர்றேன்க்கான்னு சொல்லிட்டுக் கிளம்பினேன்.

இறங்கி வரும்போது, வழியில காரை ஓரமா நிறுத்திட்டேன். என் அம்மா போய் வருஷக்கணக்காச்சு. போட்டோ நிறைய இருக்கு. கல்யாணப் போட்டோ, பாஸ்போர்ட் போட்டோ, எல்லாம் இருக்கு. குரல் மட்டும் எங்கயும் இல்ல. அடுத்தவங்க தொலைச்சதை எல்லாம் தேடி எடுத்துக் கொடுக்கிறவ நான். ஒவ்வொரு பழைய டிஸ்க்கைத் திறக்கும்போதும், அம்மா என்னைத் திட்டின ஒரே ஒரு வரி இதுல எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருக்காதான்னு, இருக்க வழியே இல்லைன்னு தெரிஞ்சும், இன்னைக்கும் ஒரு நிமிஷம் காது கொடுத்துட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறேன்.