விளிம்பில் ஏழு பள்ளம்

நான் குடியை விட்டுப் பதினாறு வருடம் ஆகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தைக் கேட்ட ஒவ்வொருவரும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. நடந்த நேரம் ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்கிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அமெரிக்காவில் மிச்சிகனின் வடகோடி. ஏரிக்கரைக் காட்டுக்குள் எங்கள் அப்பா கட்டிய வீடு. போன நவம்பரில் அங்கே நானும் அண்ணன் ரெய்னோவும் மட்டும்தான் இருந்தோம். அவனுக்குக் கணையத்தில் புற்றுநோய். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முன்னறையில் கட்டில் போட்டிருந்தேன். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நாக்குக்கு அடியில் மருந்து விட வேண்டும். விட்ட நேரத்தை நோட்டில் குறிக்க வேண்டும் என்பது நர்ஸின் கண்டிப்பு. மற்ற நேரங்களையும் அதே நோட்டில் குறித்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை. சமைத்தேன், துடைத்தேன், அடுப்புக்கு விறகு போட்டேன். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது.

அக்டோபர் கடைசியில் ஒருநாள் ரெய்னோ கேட்டான்.

"டேய் ஆர்வோ, அப்பாவோட பாயிண்ட் டூ டூ ரைஃபிள் இன்னும் பரண்லதான் கிடக்கா?"

"கிடக்கு. போல்ட் இல்லாம."

"அதச் சரி பண்ணு. ஒரே ஒரு தடவை சுடு. நான் காதால கேக்கணும்."

"எதுக்குண்ணே?"

"சாகப்போறவன் கேக்கறேன், செஞ்சுட்டுப் போயேன். இந்த வீட்டுல ஒருத்தன் கேள்வி கேக்காம வேலை செஞ்சதா சரித்திரமே இல்ல."

அவன் வேறு எதுவும் கேட்டதில்லை. பாதிரியார் வேண்டாம் என்றான். மகள் டெட்ராய்ட்டிலிருந்து வருகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றான். இது ஒன்றுதான் வேண்டுமென்றான். நாள் அதிகம் இல்லை என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அவன் கண் மூடுவதற்குள் அந்தத் துப்பாக்கி வெடிக்க வேண்டும்.

ஒரு தடவைக்கு ஒரு தோட்டா போடும் பழைய ரைஃபிள் அது. 1930-களில் செய்தது. கம்பெனியே இல்லாமல் போய்ப் பல வருடமாகிறது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டி, பின்னாலிருந்து அடிக்கும் இரும்பு உருளைதான் போல்ட். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அதில் அது கிடையாது. பதினோரு வயதில் ஒரே ஒரு தடவை அப்பாவிடம் கேட்டேன், போல்ட் எங்கே என்று. அவர் சாப்பாட்டுத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மற்றவை சுலபமாகக் கிடைத்தன. மரக்கட்டையைக் குழலோடு பிடிக்கும் திருகாணியை இரும்புக் கடையில் வாங்கி அரத்தால் தேய்த்துக்கொண்டேன். குறி பார்க்கும் பின்பக்கத் தகடு எஸ்கனாபா ஊரில் ஒரு பழைய சாமான்காரரிடம் கிடைத்தது. போல்டுக்குத்தான் நாய்படாத பாடு பட்டேன். மூன்று துப்பாக்கிச் சந்தைகளுக்குப் போனேன். ஒஹையோ வரை போன் போட்டேன். "அந்த மாடலா? எனக்கே ரெண்டு வேணும்" என்று சிரித்தார்கள்.

நவம்பர் 9, வியாழன், பிற்பகல் 2:40. பராகா ஊரில் டக் ப்ரூனே என்பவரின் நிலவறை. உதிரி பாகம் விற்கிறவர். நூறு காப்பி டப்பாக்களாவது இருக்கும், எல்லாவற்றிலும் எண்ணெயில் ஊறிய இரும்பு.

"இந்த டப்பால கைய விட்டவன் எவனும் முழு நகத்தோட வெளிய போனதில்ல. பாத்து" என்றார் டக்.

மூன்றாவது டப்பாவில் விரலில் தட்டியது. எடுத்தேன். நான் தேடிய அதே போல்ட். மற்றதெல்லாம் எண்ணெயில் வழுக்க, இது மட்டும் காய்ந்திருந்தது. கையில் சில்லென்று இருந்தது.

டக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது எங்கேருந்து வந்துச்சு? போன மாசம்தான் இந்த டப்பாவக் கொட்டி எண்ணினேன்."

"கவனிக்காம விட்டிருப்பீங்க."

"பன்னி மாதிரி தின்னுவேன்யா நான். ஆனா சரக்கு விஷயத்துல தப்ப மாட்டேன்."

அவர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று மாலை 5:15. சமையலறையை ஒட்டிய வேலை மேசை. வேறு துப்பாக்கியின் போல்ட் சட்டென்று பொருந்தாது. தேய்க்க வேண்டும், தகடு வைக்க வேண்டும், ஒரு நாள் வேலை. இது உள்ளே போனது. சரக். தன் வீட்டுக்குள் போகிற மாதிரி போனது.

இந்த வகைத் தோட்டாவுக்கு நடுவில் அடித்தால் வெடிக்காது. பின்பக்க விளிம்பில் போல்டின் முனையில் இருக்கும் ஊசி குத்த வேண்டும். தோட்டா போடாமல் விசையை இழுத்தால் தோட்டா உட்காரும் குழியின் ஓரம் நசுங்கிவிடும். அதனால் சோதனைக்கு, ஏற்கெனவே சுட்ட காலித் தோட்டாக் கூடு ஒன்றைப் போடுவோம், ஊசி குத்திய பழைய பள்ளம் ஒரு பக்கமாக இருக்கும்படி திருப்பி. இன்னொன்று. இந்த மாடலில் போல்டை மூடினால் மட்டும் அடிக்கும் ஸ்பிரிங் முறுக்கேறாது. பின்னால் இருக்கும் குமிழை விரலால் இழுத்து நிறுத்த வேண்டும். தானாக ஏறாது.

இழுத்தேன். விசையைத் தொட்டேன். க்ளிக்.

கூட்டை எடுத்துப் பார்த்தேன். பழைய பள்ளத்துக்கு எதிரே புதுப் பள்ளம், ஆழமாக, நேராக. போல்டைப் பிரித்துத் துடைத்துவிட்டுத்தான் பூட்டுவது முறை. அண்ணனுக்கு நாள் இல்லை. நன்றாகத்தான் அடிக்கிறதே என்று விட்டுவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"ஆர்வோ."

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல... அந்தச் சத்தம்தான்."

வெள்ளி காலை 6:05. காப்பி போட வந்தேன். மேசைமேல் ரைஃபிள் இருந்தது. குமிழ் பின்னால் இழுபட்டு நின்றது.

நான் இழுக்கவில்லை. இறக்கிவிட்டுத்தான் படுத்தேன், நோட்டில் இருக்கிறது.

உள்ளே நான் போட்ட கூடு அப்படியே இருந்தது. இரண்டு பள்ளங்கள் இருக்க வேண்டும். ஐந்து இருந்தன.

ரெய்னோ நாலு மாதமாக எழுந்து நின்றதில்லை. கதவு உள்ளே பூட்டியிருந்தது. நானே தூக்கத்தில் செய்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் வர வேண்டும். வரவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு அண்ணனுக்கு வாய் துடைக்கப் போனேன்.

"ராத்திரி எழுந்தியாண்ணே?"

"ஆமா, டான்ஸ் ஆடினேன்."

சிரித்தான். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

சனிக்கிழமை ஐம்பது தோட்டா கொண்ட பெட்டி ஒன்று வாங்கினேன். வீட்டுக்குள் கொண்டுவர மனம் இல்லை. டிரக்கிலேயே வைத்துப் பூட்டினேன். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. ஞாயிறு மத்தியானம் ஜன்னலுக்கு வெளியே நின்று சுடுவதாக ஏற்பாடு.

"நாளைக்கு வெடிக்கும்ணே. அதுவரைக்கும் இரு."

"நீ சொன்னா சரி. எனக்கு வேற வேலை இருக்கா என்ன?"

மாலை 5:40. இருட்டிவிட்டது. பனி விழுந்துகொண்டிருந்தது. விறகு எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். வீட்டிலிருந்து இருபதடி தூரம்.

5:52.

க்ளிக்.

கையில் விறகோடு நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் போல்ட் திறக்கும் சத்தம். சரக். மூடும் சத்தம். சரக்.

க்ளிக்.

மறுபடி திறந்தது. மூடியது. அவசரமே இல்லை. ஒவ்வொரு தடவையும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி... எதையோ விரலால் திருப்பி வைக்கிற அளவுக்கு.

க்ளிக்.

எண்ணினேன். ஏன் ஓடவில்லை என்று கேட்காதீர்கள்.

ஏழு.

அப்புறம் சத்தம் இல்லை.

விறகைப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

வேலை மேசை காலி.

முன்னறை.

ரைஃபிள் போர்வைமேல் நீளவாக்கில் கிடந்தது. குழல் முனை ரெய்னோவின் தாடைக்குக் கீழே.

அவன் இரண்டு கைகளும் போர்வைக்குள். நான் செருகிவிட்டுப் போனது கலையவில்லை.

கண் திறந்திருந்தது.

"யாருண்ணே இத இங்க கொண்டு வந்தது?"

"ஐலி."

ஐலி எங்கள் அக்கா. நான் பிறப்பதற்கு முந்தைய வருடம் நிமோனியாவில் போய்விட்டாள் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். அவளைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. ரெய்னோ வாயில் அந்தப் பெயரை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

"ஏழு தடவை அடிச்சுப் பாத்தா. வெடிக்கல."

"அண்ணே..."

"அம்பத்தாறு வருஷமா என் காதுல அது வெடிச்சுக்கிட்டே இருக்குடா. நெசமாவே ஒரு தடவை வெடிச்சா ஓஞ்சிரும்னு நெனச்சேன். அவளும் பாவம், முயற்சி பண்ணிப் பாத்தா."

குழலை நகர்த்தினேன். குமிழ் தொடச் சுட்டது, அவ்வளவு குளிர். போல்டைத் திறந்தேன்.

என் உள்ளங்கையில் ஒரு தோட்டா விழுந்தது.

கூடு இல்லை. முழுத் தோட்டா. ஈயமும் மருந்துமாக.

விளிம்பைச் சுற்றி ஏழு பள்ளம்.

டிரக்கைப் போய்த் திறந்தேன். பூட்டு பூட்டியபடி. சாவி என் பையில். பெட்டியின் முத்திரை கிழியவில்லை. கிழித்து எண்ணினேன்.

நாற்பத்தொன்பது.

ஞாயிறு காலை 7:10-க்கு ரெய்னோ போய்விட்டான். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் கேட்டதைக் கொடுக்க முடியவில்லை. மத்தியானம் ஆகவில்லை. நோட்டில் நேரத்தை எழுதி, கீழே கோடு போட்டேன். அப்போதும் அழுகை வரவில்லை.

திங்கள் மதியம் சவ அடக்க ஏற்பாடு செய்யும் கார்ல் ஹெய்க்கிலாவின் இடத்துக்குப் போனேன். எழுபத்தொன்பது வயது. அவர் அப்பாவும் அதே தொழில்தான். காகிதங்களில் கையெழுத்து வாங்கியவர் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ரெய்னோவ ஐலி பக்கத்துலதான வைக்கறீங்க?"

"அவன் அப்படித்தான் எழுதி வச்சிருக்கான்."

"உங்கிட்ட அவன் சொல்லிட்டானா?"

"எத?"

கார்ல் ஜன்னலைப் பார்த்தார்.

"அப்ப அவனுக்கு ஒம்பது வயசு. அவளுக்குப் பன்னெண்டு. ஒரு தோட்டா வெடிக்கல. இங்க எல்லா முட்டாளும் செய்யறதுதான், எடுத்துத் திருப்பிப் போட்டு மறுபடி அடிக்கறது. செத்த தோட்டான்னு நெனச்சு அவளக் குறி பாத்து வெளையாடினான். அவளும் சிரிச்சுக்கிட்டு நின்னா. ஷெரிஃப் அந்தக் கூட்ட எங்க அப்பாகிட்ட காட்டினப்ப நான் பக்கத்துல இருந்தேன். ஏழாவது பள்ளத்துலதான் வெடிச்சிருக்கு."

அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"இந்தப் பக்கத்துல பழசா ஒரு வழக்கம் உண்டு. வீட்டு ஆளோட உயிர வீட்டுத் துப்பாக்கியே எடுத்துட்டா, அத விக்கவும் மாட்டாங்க, உடைக்கவும் மாட்டாங்க. போல்ட்டக் கழட்டிருவாங்க. உங்கப்பா அத எடுத்துக்கிட்டு எங்க கடைக்கு வந்தாரு. அவ கையில வைங்கன்னாரு. நான்தான் வச்சேன், ஆர்வோ. நான்தான் அவ விரல ஒவ்வொண்ணா மடக்கினேன். மூடின பெட்டியக் குழியில இறக்கறவரைக்கும் நான் கூடவே இருந்தேன்."

"வேற போல்ட்டா இருக்கும்" என்றேன். "அந்த மாடல்ல ஆயிரக்கணக்குல செஞ்சிருக்காங்க."

"என்ன சொல்ற நீ?"

"ஒண்ணுமில்ல."

"அதுவும் சும்மா குடுக்கல உங்கப்பா. எங்க மேசையில வச்சுப் பிரிச்சாரு. முன்னால இருக்கற அந்தக் குத்தற ஊசிய உருவித் தன் பையில போட்டுக்கிட்டாரு. இனி இது எதையும் அடிக்கக் கூடாதுன்னாரு."

3:35-க்கு வீட்டுக்கு வந்தேன். கோட்டைக் கழற்றவில்லை. மேசை விளக்கைப் போட்டேன். பூட்டியிருந்த சிறு ஆணியைத் தட்டி எடுத்து, முதல் தடவையாக அந்தப் போல்டைப் பிரித்தேன்.

ஸ்பிரிங் இருந்தது. குமிழ் இருந்தது.

ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அது முழுக்கத் துரு அடைத்திருந்தது.