பச்சையம்மாள் பிடித்த கைகள்

"இன்னும் எவ்வளவு நேரம்க்கா தேய்ப்பீங்க? சோப்பே கரைஞ்சு போச்சு" என்று சரசு கேட்டாள்.

தட்டச்சுப் பள்ளியின் பின்பக்கக் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த பச்சையம்மாள், நுரையோடு கையை நீட்டினாள். "தேய்ச்சா போற அழுக்கா இது? நீயே மோந்து பாரு டீச்சர்."

சரசு ஓரடி பின்வாங்கினாள். "வேணாம். என்ன வாசனை?"

"கருவாடு. அதும்மேல வெத்தல சுண்ணாம்பு. அதும்மேல பவுடர். இன்னிக்கு ஒருத்தன் கழுத்துல பூசின பவுடரு வேர்வையில ஊறி, கஞ்சியாட்டம் வழியுது. அந்தக் கழுத்துகிட்டதான் எம்மூஞ்சி."

"யாரு அது?"

"ஆள யாரு பார்த்தா? கையப் புடிச்சாலே எனக்குத் தெரிஞ்சிடும். பல்லு குத்தின விரலு, மூக்கு நோண்டின விரலு, பீடி புடிச்ச விரலு, எல்லாம் இந்த உள்ளங்கையிலதான் வந்து எறங்குது."

"அப்ப வரமாட்டேன்னு சொல்லிட வேண்டியதுதானேக்கா?"

"யாருகிட்ட? எங்க வூட்டுக்காரருகிட்டயா? நீ இல்லன்னா கிளாஸே இல்லடின்றாரு. நெசந்தான். ஆம்பளைக்கு ஆம்பள கையக் கோத்துக்கினு ஆடறதுக்கு எவன் வருவான்?" கையை உதறிக்கொண்டு எழுந்தவள், ஏதோ நினைவு வந்தவளாக நின்றாள். "ஆனா டீச்சர், ஆட்டத்தக் குத்தம் சொல்லிடாத. ஆட்டம் நல்லாத்தான் கீது. கைங்கதான்... தூ!"

சாக்கடையில் துப்பிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் போனாள். மேலே அடுத்த பாட்டுக்கு எவனோ ஒருவன் காத்துக்கொண்டிருந்தான்.

இது நடந்தது எண்பத்து நாலாம் வருஷத்து ஆடி மாதம். பச்சையம்மாளின் கணவன் ராமதாஸ், கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை என்ற ஊர்க்காரன். சரக்குக் கப்பலில் சமையற்கட்டு வேலைக்குப் போய், பனாமா பக்கத்துத் துறைமுகங்களில் கப்பல் நின்ற நாட்களில் சல்சா என்ற ஜோடி நடனத்தைக் கற்றுக்கொண்டவன். வேலை போனதும் ஒரு டேப் ரெக்கார்டர், ஒரு பெட்டி கேசட்டுகள், ஒரு ஜோடி வெள்ளை ஷூ ஆகியவற்றோடு ஊர் திரும்பினான். தேரடித் தெருவில் சரசு வேலை பார்த்த தட்டச்சுப் பள்ளியின் மாடிக் கூடத்தைச் சாயங்காலங்களுக்கு மட்டும் வாடகைக்குப் பேசி, 'மேல்நாட்டு ஜோடி நடனம் கற்றுத் தரப்படும்' என்று பலகை மாட்டினான். பெண் ஜோடியாக நிற்பதற்குப் பச்சையம்மாளை முன்பே வீட்டில் பழக்கியிருந்தான். ஊர் அதற்கு டிஸ்கோ கிளாஸ் என்று பெயர் வைத்தது.

முதல் நாள் வந்தவர்கள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய் வைத்துக்கொண்டு வந்து ராமதாஸின் காலில் விழுந்தார்கள். அதுவரைக்கும் சரிதான். சுவரில் சரஸ்வதி படம் மாட்டியிருந்ததால் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வந்தார்கள். வழவழப்பான அடிப்பாகம் உள்ள ஷூ போட்டால்தான் கால் சுழலும் என்று ராமதாஸ் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தான். "சாமி படம் கீது சார்" என்று ஒருவனும் மசியவில்லை. வெறுங்காலை சிமெண்டுத் தரையில் திருகித் திருகி உள்ளங்கால் தோல் உரிந்தது. காலையில் தட்டச்சு வகுப்புக்குக் கூடத்தைத் திறக்கும் சரசுவுக்கு அந்தத் தோல் துணுக்குகளைக் கூட்டித் தள்ளுவதே முதல் வேலை. சுவரில் தலை சாய்த்த இடமெல்லாம் எண்ணெய் வட்டம். படி மூலையில் வெற்றிலை எச்சில். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஃபினாயில் ஊற்றுவாள். அன்று முழுக்கச் சோறு இறங்காது.

கூடத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போக வேண்டியிருந்ததால் சாயங்காலங்களில் அவள் ஓரமாக உட்கார்ந்திருப்பாள். கற்றுக்கொடுப்பவன் ராமதாஸ் என்று பேர்தானே ஒழிய, புதிதாக வந்தவர்களைத் திருத்தியது பச்சையம்மாளின் வாய்தான்.

"நகத்த வெட்டிக்கினு வா. இது கையா, வரப்பு வெட்டற மம்பட்டியா?"

"கீழ இன்னா காசா கொட்டிக் கெடக்குது? காலப் பார்த்தா கால் தடுக்கும். எதிர்ல பாரு. எதிர்லன்னா எங்கழுத்துக்குக் கீழ இல்ல, மூஞ்சியப் பாரு."

"அடி சின்னதா வை. ஆத்தத் தாண்டறவனாட்டம் தாவாத."

"ஏன் தள்ற? நான் இன்னா மாட்டு வண்டியா? விரல லேசா அசைச்சாப் போதும், எனக்குப் புரியும். கட்ட விரல எடு. எங்கையை அமுக்கிப் புடிக்கக்கூடாது. என் விரலு உன் விரல்மேல சும்மா தொங்கணும். அமுக்கினா, நான் திரும்பும்போது உன் மணிக்கட்டுதான் முறுக்கிக்கும்."

எல்லாவற்றையும் ஒருமாதிரி கேட்டுக்கொண்டார்கள். ஒன்றில் மட்டும் கல்லாக நின்றார்கள். ஆட்டத்தில் வலப்பக்கச் சுற்றும் உண்டு, இடப்பக்கச் சுற்றும் உண்டு. பிறந்தது முதல் மலையை வலமாகவே சுற்றிப் பழகிய ஊர். இடமாகச் சுற்று என்றதும் ஆளாளுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"எடமா சுத்தினா குடும்பத்துக்கு ஆவாது சார்" என்றான் சுப்பிரமணி.

பச்சையம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஏம்பா, நான் இன்னா மலையா, என்ன வலமாவே சுத்தறதுக்கு? சுத்தறதுதான் சுத்தற, ஒரு கற்பூரத்த ஏத்தி வெச்சிட்டு சுத்து!"

கூடமே சிரித்தது. சுப்பிரமணியின் காது சிவந்தது. இடப்பக்கச் சுற்றை மட்டும் யாரும் கற்றுக்கொள்ளவில்லை. ராமதாஸும் விட்டுவிட்டான். ராமதாஸைத் தவிர, அது பச்சையம்மாள் ஒருத்திக்கே தெரிந்த சுற்றாக நின்றுபோயிற்று.

சுப்பிரமணி அந்தக் கட்டடத்துக்காரரின் மகன். மற்ற பையன்களைச் சேர்த்துவிட்டதும் அவன்தான். மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரிகளோடு ஒரு நாளாவது ஆடிவிட வேண்டும் என்பது அவன் லட்சியம். அதை வெளிப்படையாகவே சொல்வான். அதுவரைக்கும் பழகிப் பார்க்கப் பச்சையம்மாள். பாட்டு ஓடும்போது அவள் உள்ளங்கையை ஆள்காட்டி விரலால் சுரண்டுவான். சரசு தான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே அந்த விரலைப் பார்த்தாள். வாழைப்பழத்துக்குள் புழு நெளிவதுபோல இருந்தது.

பச்சையம்மாள் கணவனிடம் சொன்னாள். படியில் நின்ற சரசுவின் காதிலும் அது விழுந்தது.

"கூட்டத்துல பஸ்ல போனா கை படாதா? தேஞ்சா பூடுவ?" என்றான் ராமதாஸ்.

"படறது வேற, சொரண்டறது வேற. அது தெரியாமயா நீ ஊரு ஊரா ஆடின?"

"அவன் பூட்டா கூடமும் பூடும், கிளாஸும் பூடும். கொஞ்சம் பொறுத்துக்கோடி பச்ச."

பொறுத்துக்கொள் என்ற சொல்லைக் கேட்டதும் சரசுவுக்கு அந்தக் கைகள் எல்லாவற்றையும்விட ராமதாஸின் வெள்ளை ஷூதான் அருவருப்பாக இருந்தது. அதை மட்டும் அவன் தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான்.

மறுநாள் சாயங்காலம் பாட்டு வேகமெடுத்த இடத்தில் சுப்பிரமணி மறுபடி சுரண்டினான். பல்லும் காட்டினான். வலப்பக்கம் சுழற்றுவதற்காக அவள் கையைத் தூக்கியபோது, கட்டை விரலால் வழக்கம்போல அமுக்கிப் பிடித்திருந்தான். பச்சையம்மாள் வலப்பக்கம் போகவில்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், தாளம் தப்பாமல், இடப்பக்கம் சுழன்றாள். அந்தச் சுற்று எந்தப் பக்கம் போகும் என்பதே தெரியாத சுப்பிரமணி பிடியை விடவில்லை. அவன் மணிக்கட்டு முறுக்கிக்கொண்டது. "அம்மா!" என்று அலறிக்கொண்டே பக்கத்து மேசைமேல் சாய்ந்து, தட்டச்சுப் பொறியோடு கீழே உருண்டான்.

டேப் ரெக்கார்டர் மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

"அவர் கையப் புடிச்சி மன்னிப்புக் கேளுடி" என்றான் ராமதாஸ், எல்லார் முன்னாலும்.

"இன்னொரு தபா அந்தக் கையையா?" பச்சையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நாளைலேர்ந்து பொம்பளையா நீயே நில்லு. எப்படிச் சொரண்டறான்னு உனக்கும் தெரியட்டும்."

படியிறங்கிப் போனவள் மறுபடி அந்த வகுப்புக்கு வரவில்லை. ராமதாஸ் உண்மையாகவே பெண் இடத்தில் நின்று பார்த்தான். மீசை வைத்த வாத்தியாரின் கையைப் பிடித்து ஆடப் பையன்களுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சலிப்பு வந்தது. பிறகு வருவதே நின்றது. கட்டடத்துக்காரர் கூடத்தைப் பூட்டச் சொன்னார். வேறு கப்பல் பார்க்கிறேன் என்று ராமதாஸ் பம்பாய்க்கு ரயிலேறினான். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போக முடியாமல் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான்.

ஊர் ராமதாஸை மறந்தது, பச்சையம்மாளை மறக்கவில்லை. அவளைத் தொட்டு ஆடியவர்கள் எல்லாம் கடையிலும் ஆபீசிலும் கௌரவமாக உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தை மட்டும் பெண்கள் தள்ளி வைத்தார்கள். டிஸ்கோக்காரி தொட்ட குடமாம். அடி அண்ணாமலையிலிருந்து தட்டச்சு பழக வரும் ஒரு பெண் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னபோது, சரசு அவள் தாளில் இருந்த பிழைகளை வட்டமிட்டாள். வட்டங்கள் வழக்கத்தைவிட அழுத்தமாக விழுந்தன.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தட்டச்சுப் பொறிகளுக்கு மை நாடா மாற்றுவதற்காகச் சரசு பள்ளியைத் திறந்து வைத்திருந்தாள். பச்சையம்மாள் ஒயர்க் கூடையோடு வந்து நின்றாள். கூடைக்குள் துண்டு சுற்றிய டேப் ரெக்கார்டர்.

"இத விக்கறீங்களாக்கா?"

"இத வித்துட்டு நான் இன்னா பண்ண?" பச்சையம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். மேசைகளைச் சுவரோரம் தள்ளினாள். உரிமையோடு ஜன்னல் கதவையும் சாத்தினாள். பிறகுதான் சரசுவின் முகத்தைப் பார்த்தாள்.

"அவரு போனதுலேர்ந்து வூட்டுல ஒண்டியாத்தான் ஆடிக்கினு கீறேன் டீச்சர். ஒண்டியா ஆடினா அது ஆட்டமே இல்ல. காத்துல கைய நீட்டறேன், அந்தாண்ட யாரும் இல்ல. யாரக் கூப்புடறதுன்னு ரொம்ப நாளா யோசன பண்ணேன். எத்தினியோ கை புடிச்சாச்சு. நானா ஆசப்பட்டு ஒரு கையக்கூடப் புடிக்கல."

சரசு நாடா மை படிந்த விரல்களைப் புடவையில் துடைத்தாள். மை போகவில்லை.

"மை இருந்தா இருக்கட்டும். ஒரே ஒரு பாட்டு. என்கூட ஆடறியா டீச்சர்?"