எந்தக் கிளஸ்டரில் நின்றுகொண்டிருந்தேன்

பிள்ளைகளே, இந்த வாளையார் சோதனைச் சாவடிப் பக்கம் வந்து ஐந்து வருடமாகியும் ஒன்று மட்டும் எனக்குப் பழகவில்லை. காலையில் உங்கள் அம்மா கொடியில் போடும் துணி பத்து மணிக்கெல்லாம் காய்ந்துவிடுகிறது. நான் பிறந்து வளர்ந்த பீர்மேடு மலை எஸ்டேட்டில் ஆடி மாதம் துணியை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவோம். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகள் மேலும் புகை வாசம் அடிக்கும்.

அப்பாவுக்கு ஆபீசில் என்ன வேலை என்று கேட்பீர்களே, சொல்கிறேன். பல கம்ப்யூட்டர்களை ஒரு கூட்டமாகக் கட்டி வேலை வாங்க குபெர்நெட்டீஸ் என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு கூட்டம், ஒரு கிளஸ்டர். என் பொறுப்பில் இரண்டு இருந்தன. ஒன்றில் நெடுஞ்சாலை லாரிகளின் விவரம் ஓடும். மற்றதில் இடுக்கி மலையின் மழை. மழைமானியின் அளவு வரும், கூட்டிப் பார்க்கும், எல்லை மீறினால் எஸ்டேட் லயங்களில், அந்த வரிசை வீடுகளில் குடியிருப்பவர்களின் போனுக்கு ‘வெளியேறுங்கள்’ என்று செய்தி போகும். இரண்டுக்கும் ஒரே கறுப்புத் திரை, ஒரே கட்டளைகள். எந்தக் கிளஸ்டர் என்பதை நாம்தான் முதலில் மாற்றிவிட்டுத் தட்டவேண்டும்.

எனக்கு ஒரு பழக்கம். வந்து உட்கார்ந்ததும் மழைக் கிளஸ்டருக்குள் போய், நம் எஸ்டேட்டில் எவ்வளவு பெய்திருக்கிறது என்று பார்ப்பேன். யாரும் சொல்லாத வேலை, சும்மா ஊர் ஆசை. போன ஆடியில் ஒருநாள் அப்படிப் பார்த்தவன், அங்கிருந்து வெளியே வராமலே, லாரி வேலைகளைப் பழுதுபார்ப்பதாக நினைத்து, எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும் கட்டளையைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். நின்றது மழை வேலை.

மதியம் உங்கள் அத்தை லயத்திலிருந்து கூப்பிட்டாள்.

“ஏல, என்ன மழ தெரியுமா! பின்னால ஓடத் தண்ணி செவசெவன்னு வருது.”

“மெசேஜ் வரலியாக்கா?”

“வரல. அதான் பயமில்லன்னு எல்லாரும் கஞ்சியக் குடிச்சிட்டு உக்காந்திருக்கோம். ஒன் கம்பெனிதான் பாத்துக்கிடுமே!”

திரையைப் பார்த்தேன். காலையிலிருந்து மழைக் கிளஸ்டரில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

“அக்கா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு மாதா கோயிலுக்குப் போ. இப்பவே!”

நிறுத்தியதை ஓடவிட்டேன். அவர்கள் போன அரைமணியில் கடைசி இரண்டு வீட்டுச் சமையல்கட்டு மண்ணுக்குள் போனது. ஆள் சேதமில்லை. அதைச் சொல்லிச் சொல்லித்தான் நான் தூங்குகிறேன்.

எங்கள் மேலாளர் அம்மாள் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர், தங்கமானவர். “மேடம், மலையில மழைய நாந்தான் நிறுத்திட்டேன்” என்று திக்கினேன்.

“ஏனுங்க, மழைய நீங்க நிறுத்துவீங்களா? ஊட்டு நெனப்பாட்ட இருக்குது. ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோங்க” என்று சிரித்தார்.

திரையைக் காட்டினேன். சிரிப்பு நின்றது. மழைக் கிளஸ்டரை என் கையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நானே கேட்டேன். வேறொருவர் பார்க்கிறார். செய்தி இப்போது தவறாமல் போகிறது.

ஆனால் அக்கா அதை நம்புவதில்லை. மழை பிடித்தால் என்னைத்தான் கூப்பிடுகிறாள். “நீ சொல்லு தம்பி, கெளம்பவா?” அந்த மழையைப் பார்க்க எனக்கு இப்போது வழியில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயிலில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. போனைக் காதோடு அழுத்தி, அவள் வீட்டுத் தகரத்தில் விழும் மழையைக் கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, “கெளம்புக்கா” என்கிறேன்.